பாக்கியம் ஆன்டியின் வெள்ளை அலமாரி

பண்டமாரானில் கடல் இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோகும். துறைமுகம் பக்கத்தில்தான். ஆனால் கடல் என்றால் எங்களுக்குக் கொண்டெய்னர் லோரிதான் நினைவுக்கு வரும். அது போனால் ஜன்னல் அதிரும், துவைத்துக் காயப்போட்ட துணியில் தூசி படியும், அவ்வளவுதான் எங்கள் கடல். அப்படிப்பட்ட இடத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி ஜோஆன் தன் வரிசை வீட்டைக் கடற்கரை வீடாக மாற்றினாள். வெள்ளைச் சுவர், நீல மெத்தை, ரோத்தான் பிரம்பு நாற்காலி, கிளிஞ்சல், கயிறு, எல்லாம் உண்டு. கேட்டால் ஆசைக்காகச் செய்தேன் என்பாள். பாதியை நம்புங்கள். மீதிப் பாதி பழிவாங்கத்தான். பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவள் நான், எனக்குத் தெரியாதா?

ஜோஆனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் குமாஸ்தா. அவள் மாதா கோவிலுக்குப் போவாள், நான் மாரியம்மன் கோவிலுக்குப் போவேன். திரும்பி வந்து இரண்டு பேரும் வேலியோரம் நின்று ஊர்க்கதை பேசுவோம். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்ததெல்லாம் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

கணவன் கிரிகரி நல்ல உயரம், நல்ல குரல், கோவில் பாடகர் குழுவில் முன்வரிசை. வெளியே பார்த்தால் தங்கமான மனிதர். வீட்டில் அவருக்கு வாயே கிடையாது, ஏனென்றால் வாய் முழுவதும் அவர் அம்மா பாக்கியத்திடம் இருந்தது. பாக்கியம் ஆன்டி அந்த வீட்டுக்குள் வரும்போது ஓர் அலமாரியோடு வந்தார். கறுப்புப் பாலிஷ் போட்ட தேக்கு, ஆளைவிட உயரம், கண்ணாடிக் கதவு, உச்சியில் திராட்சைக் கொடி செதுக்கிய கிரீடம். அதன் உள்ளே யாரும் சாப்பிடாத தட்டுகள். அதன் மேலே மாதா சுரூபம். கிறிஸ்துமஸ் வந்தால் குடில் வைப்பதும் அதன் தலையில்தான்.

அந்த வீட்டில் மனிதர்களுக்கு இல்லாத மரியாதை அந்த அலமாரிக்கு உண்டு. சனிக்கிழமை தோறும் ஜோஆன் அதற்கு எண்ணெய் பாலிஷ் போட வேண்டும். அதன் பக்கத்தில் குழந்தைகள் விளையாடக்கூடாது. குளிர்ந்த கிளாஸை அதன் விளிம்பில் வைக்கக்கூடாது. ஒருமுறை ஒரு விருந்தாளி தெரியாமல் வைத்து, மரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. விருந்தாளியிடம் பாக்கியம் ஆன்டி சிரித்துத்தான் பேசினார். ஜோஆனிடம் ஈஸ்டர் வரைக்கும் பேசவில்லை. மரியாதைக்காரக் குடும்பம்.

கல்யாணமான புதிதில் கிரிகரி அவளைப் போர்ட் டிக்சனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன மர வீடு. உள்ளே எல்லாம் வெள்ளை, மெத்தை மட்டும் நீலம். ஈரக் காலோடு உள்ளே வரலாம், நாற்காலியில் துண்டைப் போடலாம், மேசையில் எங்கே வேண்டுமானாலும் கிளாஸ் வைக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டில் எதற்கும் பயப்படாமல் உட்கார்ந்தேன் என்று ஜோஆன் என்னிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்ததும் முன் அறையை மட்டுமாவது அப்படி மாற்றலாமா என்று கிரிகரியிடம் கேட்டாள்.

"நீ என்ன வெள்ளைக்காரியா?" என்று அவர் சிரித்தார்.

சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் நாலு பேர் கூடினால் அந்தக் கதையை எடுத்துவிடுவார். "நம்ப ஜோஆனுக்கு பீச் ஹவுஸ் வேணுமாம். பண்டமாரான்ல பீச்" என்று அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். பாக்கியம் ஆன்டி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சிரிப்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். ஜோஆன் சமையலறையில் நின்று தட்டு கழுவுவாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி எனக்கே எரியும், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகு பாக்கியம் ஆன்டிக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஜோஆன் அலுவலகத்தில் அரைச் சம்பள விடுப்புப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, எல்லாம் செய்தாள். கிரிகரிக்குத் திடீரென்று ஓவர்டைம் அதிகமாகிவிட்டது. ஓவர்டைம் எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. பூச்சோங்கில், ஷாமினி என்ற ஒரு பெண்ணின் வீட்டில். இதில் எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், அந்த மனிதர் உடனே போகவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை காத்திருந்தார். முதல் வருட நினைவுத் திருப்பலியும் முடிந்து, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும் போட்டு, ஜோஆன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, போகிறேன் என்றார். வேலைக்கு வைத்த ஆளைக் கணக்கு முடித்து அனுப்புகிற மாதிரி. அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன், அது என் வேலையும் இல்லை.

விவகாரம் கோர்ட்டுக்குப் போய் முடிந்தது. வீடு ஜோஆனுக்கு. மகன் டேரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், என்னை இதில் இழுக்காதீர்கள் என்று ஒதுங்கிக்கொண்டான். கிரிகரி தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டேன்.

"அம்மாவோட அலமாரி என்னோடது. பெரிய இடமா பாத்துட்டு லோரி கொண்டாரேன். அது வரைக்கும் இங்க இருக்கட்டும். கை வைக்காதே."

கேட்டீர்களா? வீடு அவளுடையது, ஆனால் வீட்டின் நடுவில் பாக்கியம் ஆன்டி நின்றுகொண்டே இருப்பார். ஜோஆன் தன் முன் அறையில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அதைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும். இதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொன்றால். அவர் போன பிறகும் ஜோஆன் சனிக்கிழமை தோறும் அதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று ஒருநாள் வேலியோரம் நின்று கத்தியே விட்டேன். "அந்தாளு பொருளுக்கு நீ ஏன் இன்னும் துடைச்சிக்கிட்டு இருக்க?"

"கை தானா போவுது அக்கா" என்றாள்.

அந்த வருடம் நவம்பரில் கிரிகரி போன் செய்தார். பூச்சோங்கில் பெரிய வீடு கிடைத்துவிட்டதாம், புது வருடம் பிறந்ததும் லோரி வருமாம், அலமாரியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டுமாம். ஜோஆன் போனை வைத்துவிட்டு நேராக என் வாசலுக்கு வந்தாள். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

"தங்கமணி அக்கா, உங்க வீட்டுல சேண்ட் பேப்பர் இருக்கா?"

என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்தேன்.

முதலில் வீடு. பெயிண்டரை வரச்சொல்லி, பாக்கியம் ஆன்டி தேர்ந்தெடுத்த மாம்பழ மஞ்சளை மறைத்துச் சுவரெல்லாம் வெள்ளை அடிக்கச் சொன்னாள். அலமாரியை அசைக்க அவராலும் அவர் ஆளாலும் முடியவில்லை. அதைச் சுற்றி அடித்தால் போதும் என்றாள். ரோத்தான் நாற்காலிகள் வந்தன. போர்ட் கிள்ளானில் கப்பல் சாமான் விற்கும் கடையில் பழைய கயிறு வாங்கி, கண்ணாடி ஒன்றைச் சுற்றி ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மோரிப் கடற்கரைக்குப் போய்க் கிளிஞ்சல் பொறுக்கினாள். மோரிப்பில் மணலைவிடச் சேறுதான் அதிகம். முட்டி வரை சேற்றோடு நின்றுகொண்டு, இரண்டு கிழவிகள் பை நிறையக் கிளிஞ்சலோடு பஜ்ஜி தின்றோம். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கும் வாசலுக்கும் வெள்ளைத் துணியில் திரை, ஓரத்தில் நீலப் பட்டை. அதை மாட்டிய அன்று எதிர்வீட்டுச் சீன ஆன்டி பதறிப்போய்ச் சாலையைக் கடந்து வந்துவிட்டார். அவர்களுக்கு வாசலில் வெள்ளையும் நீலமும் தொங்கினால் அது சாவு வீடு. யார் போய்விட்டார்கள் என்று மலாயில் கேட்டார்.

"என் மாமியார்" என்றாள் ஜோஆன்.

சீன ஆன்டிக்கு ஒன்றும் புரியவில்லை. பாக்கியம் ஆன்டியின் சவ ஊர்வலத்துக்கு அவரும்தான் வந்திருந்தார். "அப்ப பாதிதான் போனாங்க" என்று ஜோஆன் எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

கடைசியாக அலமாரி. இதை மட்டும் பெயிண்டரிடம் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பாலிஷ் போடுகிற அதே நேரத்தில், முட்டி போட்டு உட்கார்ந்து சேண்ட் பேப்பரால் தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்புப் பாலிஷ் மாவாக உதிர்ந்தது. நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு விசிறியைப் பிடித்தேன்.

"கை வைக்கக்கூடாதுன்னாரே?" என்றேன், சும்மா கிண்டி விட.

"நான் எங்க கை வைச்சேன்? பிரஷ்தானே வைக்கப் போறேன்."

வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. திராட்சைக் கொடிக்குச் சின்ன பிரஷ். எல்லாம் முடிந்து பளபளவென்று நின்றபோது, மறுபடியும் காகிதத்தை எடுத்து விளிம்புகளையெல்லாம் தேய்த்தாள். அங்கங்கே வெள்ளை போய் மரம் தெரிந்தது. கெடுக்கிறாயே என்று கத்தினேன். கடல் காற்றில் கிடந்து தேய்ந்த மாதிரி தெரிய வேண்டும், இந்த ஸ்டைலே அப்படித்தான் என்றாள். இத்தனை வருடம் அந்தப் பழைய மரத்தைப் புதிதாகக் காட்டப் பாடுபட்டவள், இப்போது அதைப் பழசாகக் காட்டத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கிளாஸ் வைத்து வட்டம் விழுந்த இடத்தில் நிறைய நேரம் தேய்த்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. நம் ஊர் வழக்கம் தெரியுமே, பெருநாள் என்றால் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுவோம், ஓப்பன் ஹவுஸ். யார் வந்தாலும் சோறு உண்டு, யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டும் வராமல் இருந்தால் அதுதான் பெரிய அவமரியாதை. ஜோஆன் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். பாக்கியம் ஆன்டி குடும்பத்தின் வாட்சாப் குரூப்பில் அவள் இன்னும் இருந்தாள். நீக்கினால் நீக்கியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அந்தப் பழியைச் சுமக்க அங்கே ஆள் இல்லை. அதில் அழைப்பைப் போட்டாள். எல்லோரும் வாருங்கள், கிரிகரியும் குடும்பத்தோடு வரலாம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன தேவதை பொம்மையும் போட்டாள்.

அவர்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. கிரிகரியின் அத்தைமார்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து நின்றுவிட்டார்கள். வெள்ளை அலமாரி, அதன் தலையில் மோரிப் மணல், மணலில் கிளிஞ்சல், கிளிஞ்சலுக்கு நடுவில் குழந்தை இயேசு. ஓர் அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனாலும் பிரியாணித் தட்டைக் கீழே வைக்கவில்லை.

பகல் வெயில் ஏறிய நேரத்தில் கிரிகரி வந்தார், பின்னாலேயே ஷாமினி. அவர் சட்டைப் பையில் அளவு நாடா இருந்தது. அலமாரி லோரியில் ஏறுமா என்று அளக்க வந்திருக்கிறார், பாவம். ஜோஆன் அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மனிதர் கதவுப் படியிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. மெல்ல வந்து, தேய்த்து மரம் தெரிந்த ஒரு மூலையை விரலால் தொட்டார்.

"இது... அம்மாவோடது" என்றார்.

"ஆமா, உங்கம்மாவோடதுதான்" என்றாள் ஜோஆன். "பீச் ஹவுஸ் மாதிரி இருக்குல்ல?"

தட்டைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. திரும்பி வெளியே போய்க் கார் பக்கத்தில் வெயிலில் நின்றார். எனக்கு உள்ளே தித்தித்தது, மறைக்க மாட்டேன். ஜோஆனைப் பார்த்தேன். அவள் அந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் இத்தனையும் செய்தாள், பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் ஷாமினி வாயைத் திறந்தாள்.

"அக்கா, இதை நீங்களா செஞ்சீங்க?" அவள் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து பார்த்தாள், திராட்சைக் கொடியைத் தடவினாள். "இவரு பழைய கறுப்பு அலமாரின்னு சொன்னாரு. என் வீட்டுக்குள்ள அந்தப் பேயெல்லாம் வராதுன்னு நான் சண்டையே போட்டேன். இவ்ளோ அழகா இருக்கும்னு தெரியாதுலா. நாளைக்கே எடுத்துக்கறோம் அக்கா, கொடுப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழிவாங்கச் செய்த வேலையை எதிரியின் பெண்டாட்டி மெச்சிக்கொண்டு நிற்கிறாள். ஜோஆன் முகம் முதலில் சுருங்கியது. இத்தனை நாள் உழைப்பும் அந்தப் பெண்ணுக்குப் பரிசாகப் போகிறதே என்று நினைத்திருப்பாள். பிறகு வாசல் வழியாக வெளியே பார்த்தாள். கிரிகரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"தாராளமா எடுத்துக்கம்மா" என்றாள். "அவரோடதுதானே. ஹால்ல வை. எப்பவும் அவரு கண்ணுல படற மாதிரி வை."

புது வருடம் பிறந்து லோரி வந்தது. கிரிகரி வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாராம். ஷாமினி விடவில்லை. தூக்க வந்த ஆள் போதாமல் அவரும் ஒரு பக்கம் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. தன் அம்மாவின் அலமாரியை, வெள்ளை அடித்து விளிம்பு தேய்த்த அந்தக் கோலத்தில், அவரே சுமந்து வாசலைத் தாண்டினார். ஜோஆன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"பாத்துங்க" என்றாள். "இடிச்சாலும் பரவால்ல. கீறல் விழுந்தாதான் இந்த ஸ்டைலுக்கு அழகு."

அவர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதோடு முடியவில்லை. ஷாமினிக்கு ஆசை பற்றிக்கொண்டது. பூச்சோங் வீட்டில் கிரிகரியின் சாப்பாட்டு மேசைக்கும் வெள்ளை அடித்தாள், கட்டிலுக்கும் அடித்தாள். சந்தேகம் வந்தால் ஜோஆனுக்குத்தான் மெசேஜ். எந்தக் காகிதம், எத்தனை பூச்சு, கயிறு எங்கே கிடைக்கும். ஜோஆன் ஒவ்வொன்றுக்கும் பாசமாக, விவரமாகப் பதில் அனுப்புவாள். ஷாமினி அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அதில் எங்காவது ஓர் ஓரத்தில், நீல மெத்தையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் கிரிகரி தெரிந்தால், என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "பாருங்கக்கா, வெள்ளைக்காரரு" என்பாள்.

எல்லாம் சரிதான். ஒன்று மட்டும்தான் பாக்கி. அலமாரி போன பிறகு, அது நின்ற சுவரில் பெயிண்டர் அடிக்காமல் விட்ட இடம் அப்படியே நின்றது. மாம்பழ மஞ்சள், ஆளைவிட உயரம், தலையில் கிரீடம் மாதிரி வளைவு. சுற்றிலும் வெள்ளை இருப்பதால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பாக்கியம் ஆன்டி சேலை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. மீதி இருந்த வெள்ளை டின்னையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"நகரு, ஒரு நிமிசத்துல முடிச்சிரலாம்" என்றேன்.

"வேணாம்."

"ஏண்டி? அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும்க்கா. வர்றவங்க என்னான்னு கேப்பாங்கல்ல. சொல்லணும்ல" என்றாள்.

முதலில் எல்லோரும் கேட்டார்கள். கோவில் ஆட்கள், அலுவலக ஆட்கள், கூரியர்காரர். அவளும் போர்ட் டிக்சனில் ஆரம்பித்து லோரி வரை சொல்வாள், கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், எத்தனையோ தடவை. இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. அவளே ஆரம்பிக்கிறாள். அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும்போது நான் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன்.

நேற்று தண்ணீர் மீட்டர் பார்க்க ஒரு மலாய்க்கார இளைஞர் வந்தார். வெயிலாக இருக்கிறதே என்று உள்ளே கூப்பிட்டு, ரோத்தான் நாற்காலியில் உட்கார வைத்து, ஐஸ் போட்ட சிராப் கொடுத்தாள். நான் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். அவள் மஞ்சள் சுவரைக் காட்டி மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள், கதை அப்போதுதான் மாமியாரின் பக்கவாதம் வரை வந்திருந்தது. இன்னும் நீளும் என்று அந்த இளைஞருக்குப் புரிந்துவிட்டது. குடித்த கிளாஸை வைக்க இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க வேணும்னாலும் வைங்க தம்பி" என்றாள் ஜோஆன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க எதுக்கும் பயப்பட வேண்டாம்."